மறுப்பும் மனவூக்கமும்

மக்கள் தத்தம் சீவனத்தின்பொருட்டுச் செய்யுந் தொழில்கள் பலவாம். அவற்றுள், உழவன் மண்ணைக்கொண்டு தொழில் செய்கின்றான். தச்சன் மரத்தைக்கொண்டு தொழில் செய்கின்றான். நெய்வோன் நூலைக்கொண்டு தொழில் செய்கின்றான். மண்ணும் மரமும் நூலும் "வேண்டாம்" என்று வாய்திறந்து சொல்லுவனவல்ல. விற்போனோ பிறருடைய மனத்தின்கண்ணே தொழில் செய்பவன். பிறர் மனம் அவன் வசத்ததன்று. ஆதலால், "வேண்டாம்" என்னுஞ் சொல்லை நாடோறும் பலமுறை கேட்டல் அவன் தொழிலுக்கு இயல்பாயிற்று. அச்சொல்லைக் கேட்டுக் கேட்டும் ஊக்கங் குன்றாதிருத்தல் எங்ஙனம்? அங்ஙனங் குன்றாதிருத்தல் எக்காலத்தும் நன்றுதானா? இவ்விரண்டு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

இஃது வியாபாரிகளுக்குரிய விஷயம், பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் நமக்கு இதனால் ஆவதென்னை என்று உபாத்தியாயர்கள் கருதற்க. நம்மிடத்திலே கற்ற பிள்ளைகளெல்லாரும் அரசாங்க உத்தியோகத்தில் அமர்பவரல்லர். கடைகளிலே நிற்போரும், கம்பனிகளின் சரக்கை ஊரூராகக் கொண்டுசென்று விற்போரும், காப்புறுதி முகவராய் வீடுவீடாகச் செல்வோரும் அவருட் பலர். கணக்கும் இலக்கணமும் கற்பித்து அவரை அனுப்பிய நாம், மறுப்பைத் தாங்கும் வகையைக் கற்பித்து அனுப்பினோமா என்பதே கேள்வி.

சில காலத்துக்குமுன் என் பழைய மாணாக்கனொருவன் என்னைக் காண வந்தான். அவன் அப்பொழுது காப்புறுதி முகவர் வேலையிலே சேர்ந்து மூன்று மாதமாயிருந்தது. "ஐயா, நேற்றுப் பதினொரு வீட்டுக்குப் போனேன். ஒரு வீட்டாரும் சம்மதிக்கவில்லை. பன்னிரண்டாம் வீட்டுப் படலையிலே கையை வைத்துவிட்டு, அதைத் திறவாமலே திரும்பிவிட்டேன். பிச்சைக்குப் போவதுபோல இருக்கின்றது" என்றான். "முயற்சியை விடாதே" என்று சொல்லி அவனை அனுப்பினேன். அச்சொல் பொய்யன்று, ஆயினும் அவனுக்கு அதனால் ஒரு பயனுமில்லை என்பதை அவன் முகத்திலே கண்டேன். அன்றைக்கு நான் அவனுக்குச் சொல்லியிருக்கவேண்டியது எது என்று பின்பு பலநாள் சிந்தித்ததன் பயனே இக்கட்டுரை என்க.

முதலாவது, அவன் சொல்லிய "பிச்சை" என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வாம். திருவள்ளுவர் இரவுக்கு ஓரதிகாரமும் இரவச்சத்துக்கு ஓரதிகாரமும் வகுத்தமை யாவரும் அறிவர். மானமுடையான் இரத்தற்கு அஞ்சுதல் இயல்பே. ஆனால் விற்றல் இரத்தலாகுமா? இரப்போன் கொள்வான், கொடான். விற்போன் கொடுத்துக் கொள்வான். கொடுக்கும் பொருள், கொள்ளும் விலைக்கு ஒத்ததாயின் அங்கே நாணுதற்கு இடமில்லை. ஒவ்வாததாயின் அஃது இரத்தலினும் இழிந்ததாம். இரப்போன் தன் வறுமையை உள்ளபடி சொல்லுகின்றான், இவனோ இல்லாத நன்மையை உண்டென்று சொல்லுகின்றான். ஆதலின் நாணம் வந்தபொழுது அதனை உடனே அடக்கிவிடுதலுந் தவறு; அதற்குப் பணிந்து படலையினின்றுந் திரும்பிவிடுதலுந் தவறு. "இப்பொருள் இவ்வீட்டாருக்கு நன்மை தருமா?" என்று தன்னைத்தானே வினாவுதலே முறை. தரும் என்று மனச்சான்று சொல்லுமாயின் படலையைத் திறக்கலாம். தராது என்று சொல்லுமாயின் அந்நாணம் அவனுக்கு நல்லாசிரியனாய் வந்ததென்றே கொள்ளல்வேண்டும்.

இனி, பொருள் நல்லதாயிருந்தும் ஊக்கங் குன்றுவதற்குக் காரணம் யாது? காரணம் இரண்டு. ஒன்று, மறுக்கப்பட்டது பொருளாயிருக்க, மறுக்கப்பட்டவன் தானே என்று மயங்குதல். மற்றொன்று, தன் வசத்ததையும் பிறர் வசத்ததையும் வேறுபிரித்து அறியாமை. வீட்டுக்குச் செல்லுதல், சரக்கின் குணத்தைக் குற்றமறக் கற்றிருத்தல், கேட்போர் நிலையை விசாரித்தறிதல், மெய் பேசுதல், சொன்ன நாளிலே மீண்டுஞ் செல்லுதல் என்பன தன் வசத்தன. கேட்போர் உடன்படுதல் அவர் வசத்தது. பிறர் வசத்ததைக்கொண்டு தன் நாளை அளப்பவன், பதினொரு வீட்டார் மறுத்தால் அந்நாள் பாழாயிற்றென்பான். தன் வசத்ததைக்கொண்டு அளப்பவன், பதினொரு வீட்டிலும் தன் கடமையைச் செவ்வையாகச் செய்தேனா என்று பார்ப்பான். செய்திருப்பின் அமைதியாக உறங்கி, விடிந்தபின் பன்னிரண்டாம் வீட்டுக்குப் போவான்.

பெரியபுராணத்திலே அதிபத்த நாயனார் சரித்திரத்தை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். நாகபட்டினத்துப் பரதவராகிய அவர், வலையிலே அகப்படும் முதன்மீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலே விடும் நியமம் பூண்டவர். பின்பு நாளுக்கு ஒரு மீனே அகப்படும் வறுமை வந்தது. அவ்வொன்றையும் விட்டுவிட்டுப் பசியோடு திரும்பினார்; மறுநாளும் கடலுக்குச் சென்றார். அவர் பத்தியின் பெருமையே நாம் எடுத்துரைப்பது. அதனோடு, மறுநாளும் வலையெடுத்துச் சென்றார் என்னும் இதனையும் பிள்ளைகள் மனத்திலே பதித்தல்வேண்டும். வலையிலே வீழ்வது கடலின்பாற்பட்டது. வலை வீசுதல் தம்பாற்பட்டது என்று அவர் ஒழுகினார்.

உலகியலில் ஓருதாரணங் காட்டுவாம். நம் நாட்டுத் தேயிலையோடு பெயர் பிணைந்த தோமஸ் லிப்டன் என்பவர், கிளாஸ்கோ நகரத்திலே சிறு கடை வைத்திருந்த ஏழைப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையிலே அமெரிக்காவுக்குச் சென்று, தோட்டங்களிலும் கடைகளிலும் கூலிக்கு உழைத்து, ஊர் திரும்பி, 1871 ஆம் ஆண்டிலே தமக்கென ஒரு கடை திறந்தார். 1890 ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். அக்காலத்து இங்கிலாந்திலே தேயிலை பெட்டியிலிருந்து அளந்து விற்கப்பட்டது. ஏழைகளுக்கு அது விலை மிக்க பண்டம். அவர் அதனை ஓர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தற் பொதிகளாகக் கட்டி, நிறையும் தரமும் மாறாமற் குறைந்த விலைக்கு விற்றார். ஊருக்கு ஊர் தண்ணீரின் குணம் வேறுபடுதலால், அவ்வவ்வூர்த் தண்ணீருக்கேற்பத் தேயிலையைக் கலந்து கொடுத்தார் என்பர். கொள்வோர் வீட்டுத் தண்ணீரை அறிந்தபின்பே தன் சரக்கைப் பேசுதல் விற்போனுக்கு எத்துணைச் சிறந்த பாடம்!

அவர் வாழ்க்கையில் இதனினும் எண்ணத்தக்கது மற்றொன்று. அமெரிக்கக் கிண்ணம் என்னும் பாய்க்கப்பற் பந்தயத்திலே வெல்லக்கருதி, 1899, 1901, 1903, 1920, 1930 என்னும் ஐந்து ஆண்டுகளிலும் அவர் கப்பல் கட்டி அனுப்பினார். ஐந்து முறையும் தோற்றார். 1920 ஆம் ஆண்டிலே முதலிரண்டு ஓட்டங்களில் வென்று, இன்னும் ஒன்று வென்றாற் கிண்ணம் கைவரும் என்றிருக்க, எஞ்சிய மூன்றிலும் தோற்றார். ஒருமுறையேனும் வென்றவரை இகழ்ந்தாரல்லர், முகங் கோணினாரல்லர். 1930 ஆம் ஆண்டிலே தோற்றபொழுது அமெரிக்க மக்கள் தாமே பணந் திரட்டி, அவருக்கென ஒரு பொற்கிண்ணஞ் செய்வித்துக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டிலே அவர் இறந்தார். அப்பந்தயத்தாற் கிடைத்த நன்மதிப்பு அவர் தேயிலைக்கு விளம்பரமுமாயிற்று என்பதை மறைக்கவேண்டுவதில்லை. ஆயினும், தோல்வியைத் தாங்கும் வகையே ஒருவனுடைய தரத்தைக் காட்டுவது என்பது அதனாற் பொய்யாகாது.

இனி, இரண்டாம் வினாவுக்கு வருவாம். விடாமுயற்சி தன்னளவிலே அறமாகுமா? ஆகாது என்பதே எம் துணிபு. கள்வனும் விடாது முயல்கின்றான். சூதாடுவோனும் தோற்றுத் தோற்றும் விடாது ஆடுகின்றான். லிப்டனுடைய தேயிலை மலிவாய் விற்கப்பட்டமைக்கு அவருடைய ஊக்கம் ஒரு காரணமாக, மலைநாட்டிலே குறைந்த கூலிக்கு உழைத்த தமிழ்த் தொழிலாளருடைய வியர்வை மற்றொரு காரணமாம். முன்னதைப் புகழ்வோர் பின்னதை மறத்தல் நீதியன்று.

நம் யாழ்ப்பாணத்தாருடைய புகையிலை வியாபாரத்தையும் பாருங்கள். திருவிதாங்கூர்ச் சந்தை சுருங்கியபொழுது நம் வியாபாரிகள் சோர்ந்திராது, தென்னிலங்கை ஊர்களிலே சுருட்டுக்கடைகளை வைத்து, அயன்மொழி கற்று, வாழ்ந்து காட்டினார்கள். அவர் ஊக்கம் மெச்சத்தக்கதே. ஆனாற் புகையிலை புற்றுநோய் முதலிய கொடுநோய்களுக்குக் காரணமென்று மருத்துவர் ஐயமற நிறுவிவிட்ட இக்காலத்திலே, அதே ஊக்கத்தை அதே பொருளின்மேற் செலுத்துதல் தகுமா? குதிரை நல்லதாயினும், போகும் வழி தவறாயின், அது நம்மை விரைவிலே தவறான ஊருக்குக் கொண்டுபோய் விடும்.

திருக்குறளிலே ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் அதிகாரங்கள் பொருட்பாலில் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கின்றன. வாணிகஞ் செய்வோர் பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணல்வேண்டும் என்னும் உபதேசமோ, அவற்றுக்கு முன்னே, அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் நிற்கின்றது. முன்னே நடுவுநிலைமை, பின்னே ஊக்கம் என்னும் இம்முறையை நாம் மாற்றுதல் கூடாது.

ஆதலின், கேட்போருடைய மறுப்பை வகையறிந்து மதித்தல் விற்போன் கடமையாம். "வேண்டாம்" என்பது ஒரு சொல்லாயினும் அதன் பொருள் ஒன்றன்று. "இன்றைக்கு வேண்டாம்" என்பது ஒன்று; அவர் குறித்த நாளிலே மீண்டும் போதல் அதற்கு மருந்து. "உன்னை நம்புகிலேன்" என்பது ஒன்று. மெய்யும் காலமுமே அதற்கு மருந்து. "இது எனக்கு உதவாது" என்பது மற்றொன்று. அதனை ஆராய்ந்து, மெய்யாயின், வணங்கி விடைபெறுதலே மருந்து. மூன்றாவதைக் கேட்டும் விடாது நெருக்குதல் முயற்சியன்று, தொல்லை. அங்கே விட்டுவிடுதல் தோல்வியுமன்று. அவ்வீட்டார் நாளைக்கு மற்றொருவருக்கு அவனை நல்லவனென்று சொல்லுவர்.

உபாத்தியாயர்காள்! இவற்றை நாம் வகுப்பிலே எங்ஙனங் கற்பித்தல் கூடும்? சரியான விடைக்கு மாத்திரமன்றி, தவறிய கணக்கை மீண்டுஞ் செய்து வந்த பிள்ளைக்கும் ஒரு நல்வார்த்தை சொல்லுவோமாக. போட்டியிலே தோற்ற பிள்ளையை வென்ற பிள்ளையின் கையைப் பிடித்து வாழ்த்தச் செய்வோமாக. பிழைத்த விடையை அழித்துவிடாது, பிழைத்த காரணத்தை அதன் பக்கத்திலே எழுதிவைக்கப் பழக்குவோமாக. அக்கொப்பியே பிற்காலத்திலே விற்போனுடைய நாட்குறிப்பாக மாறும்.

நாமும் ஒருவகையில் விற்போரே. வரவு குறைந்த பிள்ளையைத் தேடி அதன் வீட்டுப் படலையிலே நாம் நின்றதில்லையா? "அவன் இனிப் படிக்கமாட்டான், வேலைக்குப் போகட்டும்" என்று பெற்றோர் சொல்லக் கேட்டு வெறுங்கையோடு திரும்பியதில்லையா? மறுமுறையும் போனது எதனால்? நமக்கு வரும் இலாபத்தாலன்று. கொண்டுசென்ற பொருள் நல்லது, அப்பிள்ளைக்கு அது வேண்டும் என்னும் உறுதியால்.

அந்த மாணாக்கன் இனி வருவானாயின் அவனுக்கு இதனையே சொல்லுவேன்: "தம்பி, முதலில் உன் கையிலுள்ள பொருளைப் பார். அது நல்லதாயிருந்தால் அந்தப் பன்னிரண்டாம் படலையைத் திற. உள்ளே இருப்பவர் வேண்டாமென்றால், ஏனென்று கேட்டறிந்து, வணங்கி வா. அது நல்லதல்ல என்று கண்டால், வேலையை விட்டுவிட்டு என்னிடம் வா, வேறொன்று தேடுவோம். இரண்டில் எதைச் செய்தாலும் நீ தோற்றவனல்லை."