கொலைஞனை மறைத்தது எது?

1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரையான காலத்தில், இலண்டன் மாநகரின் வைற்சப்பலிலும் அதன் அயலிலும் பெண்கள் ஐவர் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டனர். கொலைஞனுக்கு 'ஜாக் த றிப்பர்' என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அவன் இன்னான் என்பது மட்டும் இன்றுவரை தெளியப்படவில்லை. அவனது மதிநுட்பமே அவனைக் காத்தது என்பர் பலர். மருத்துவன் என்றும் அரசகுலத்தவன் என்றும் கற்பனைகள் பெருகின. ஆயின், அவன் தப்பியமைக்கு அவனது ஆற்றல் மட்டுந்தான் காரணமா?

அக்காலப் புலனாய்வின் குறைபாடுகள் மறுக்கவியலாதவை. கைரேகை ஆய்வு அன்று இலண்டன் பொலிஸாரின் வழக்கில் இல்லை. மனிதக் குருதியை விலங்கின் குருதியினின்றும் பிரித்தறியும் சோதனை 1901இலேயே தோன்றிற்று. இறைச்சித் தொழிலாளர் மலிந்த அப்பகுதியில் குருதிக்கறை படிந்த உடை எவருக்கும் வியப்பளித்திராது. செப்ரெம்பர் 30ஆம் நாள் அதிகாலையில், ஒரு மணி நேரத்துக்குள் இருவர் கொல்லப்பட்டனர். ஒரு கொலை பெருநகரப் பொலிஸாரின் எல்லையிலும், மற்றையது சிற்றிப் பொலிஸாரின் எல்லையிலும் நிகழ்ந்தது.

எனினும், கருவிகளின் குறைவு மட்டுமே காரணமாயின், கருவிகள் வந்தபின் இத்தகையோர் தப்பியிருத்தல் கூடாது. கல்கத்தாவில் 1897இலேயே கைரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. இலண்டன் அம்முறையைப் பின்னரே கைக்கொண்டது. அதே கல்கத்தாவில் 1989ஆம் ஆண்டு, நடைபாதையில் உறங்கியோர் 13 பேர் கல்லால் தலை நசுக்கப்பட்டு மாண்டனர். 'ஸ்ரோன்மேன்' எனப் பத்திரிகைகள் பெயரிட்ட அக்கொலைஞன் ஒருவனா பலரா என்பதும் தெளியப்படவில்லை.

இவ்விரு நகரங்களையும் இணைப்பது கொல்லப்பட்டோரின் நிலையே. மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சப்மன் ஆகிய இருவரும், இரவு விடுதியில் படுக்கைக்குச் செலுத்தச் சில பென்ஸ் இல்லாமையால் வீதிக்கு வந்தவர்கள். அவர்கள் வீடு திரும்பவில்லையே என ஏங்குதற்கு ஒரு வீடு இருக்கவில்லை. கொலைஞன் தேடியது இருளை மட்டுமன்று. எவரும் தேடாத மனிதரையுமாகும்.

சமூகத்தின் ஐயமும் அவனுக்கு உதவிற்று. சப்மன் கொலையுண்டபின் மக்களின் சினம் யூதக் குடியேறிகள்மீது திரும்பியது. ஜோன் பைசர் என்னும் யூதர் கைதாகி, குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். சிலப்பதிகாரத்தின் பொற்கொல்லனும் இவ்வாறே மறைந்தான்: ஊருக்குப் புதியவனான கோவலனைச் சுட்டியதும் உண்மைக் கள்வனைத் தேடுவார் இலராயினர்.

மடவளை போன்ற ஊர்களில், இரவில் வரும் அந்நியனை 'யார் வீட்டுக்கு?' என வினவாது விடுவாரில்லை. அவ்வாறாயின், ஒருவரையொருவர் அறிந்த வாழ்வே போதிய காப்பு எனலாமோ? அதுவும் முற்றும் பொருந்தாது. கொழும்பு-கண்டி வீதியருகே உதுவன்கந்தையில் ஒளிந்த சரதியேலை ஊரார் நன்கறிந்திருந்தனர். அவரிற் சிலர் அவனுக்கு ஆதரவும் அளித்தனர். அவனைப் பிடிக்கும் முயற்சியில் 1864 மார்ச் 21இல் கொன்ஸ்தாபிள் சபான் உயிர்நீத்தார். அதே ஆண்டு மே 7ஆம் நாள் சரதியேலும் மம்மலே மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். அறியாமையும் ஒருவனை மறைக்கலாம். அறிந்தும் வாளாவிருத்தலும் மறைக்கலாம்.

இதனால் கொலைஞனின் குற்றம் சமூகத்தின் தலையிற் சுமத்தப்படுகிறது என்று கொள்ளலாகாது. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. கத்தியை ஏந்திய கை ஒன்றே, அக்குற்றம் பங்கிடற்குரியதன்று. இலண்டன் பொலிஸார் 2,000க்கும் அதிகமானோரை விசாரித்தனர். அவர்களது முயற்சியையும் குறைகூறற்கில்லை. ஆனால், அத்துணைப் பெரிய தேடல் கொலைக்குப் பின்னரே தொடங்கிற்று. நிக்கல்ஸ் உயிரோடு வீதியில் நின்ற இரவில் அவரைத் தேடியவர் எவருமிலர்.

பாண்டியன் கோவலனைத் தன் கையால் வெட்டினானல்லன். எனினும், ஆராயாது ஆணையிட்ட பொறுப்பு தனதேயென உணர்ந்து உயிர்நீத்தான். றிப்பர் யார் என்னும் வினாவுக்கு இனி விடை கிடைப்பது அரிது. தன் ஊரில் ஓரிரவு காணாமற்போனால் தேடப்படாதவர் யார் என்னும் வினாவுக்கோ, ஒவ்வொரு சமூகமும் இன்றே விடைகாண இயலும். அவ்விடை காணப்படும்வரை, அடுத்த கொலைஞனுக்கும் மறைவிடம் ஆயத்தமாகவே இருக்கும்.