நாற்று வந்தது, நீதி வந்ததா?

வேற்று நாட்டாரிடம் ஒன்றைக் கற்கும்போது, அவர் கையிலுள்ள கருவியை மட்டும் வாங்கி வந்தால் போதுமா? அங்கே நியாயம் என்று நிலைநாட்டப்பட்டது எது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா? புலவர் பொழுதுபோக்குக்காகக் கேட்கும் கேள்வி என்று இதைத் தள்ளிவிடுதற்கில்லை. தஞ்சைத் தரணியில் வரப்புதோறும் நிற்கும் கேள்வி இது.

சீனரும் ஜப்பானியரும் நமக்கு அன்னியர் என்று கூறுவோர் உண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. சீன மன்னன் சென்சோங், விரைவில் விளையும் சம்பா நாட்டு நெல்லை 1012இல் வரவழைத்து, யாங்சி ஆற்றுப் பகுதி உழவர்க்கு வழங்கச் செய்தான். சம்பா எனில் இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியும் தென்பகுதியும். மூன்றே ஆண்டு கழித்து, 1015இல், அதே மன்னன் அவையில் சோழ நாட்டுத் தூதர் சென்று நின்றனர். தஞ்சை மாவட்டச் சிற்றூர்களில் மண்ணுக்கடியிலிருந்து சீனக் காசுகள் வெளிப்பட்டன. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்திலோ 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. நாகைப்பட்டினத்தில், சீனக் கோபுரம் என்று ஐரோப்பியர் குறித்து வைத்த மூன்று நிலைச் செங்கற் கோபுரம் 1867 வரை நின்றது, பின்னர் இடிக்கப்பட்டது. கோபுரம் போயிற்று, கொண்டு கொடுத்த வரலாறு போகவில்லை.

நிலமும் நம்மை இணைக்கிறது. வடசீனத்தில் கோதுமையும் தினையும்; தென்சீனத்தில் நம்மைப்போல் நெல். ஜப்பானோ பெரும்பகுதி மலை. உழக்கூடிய சமநிலம் சிறிதே. அந்தச் சிறுநிலத்தில் மிகுதியாக விளைவிக்கும் கலையை அவர்கள் தேர்ந்தனர். அந்தக் கலைதான் 1953இல் ‘ஜப்பான் முறை சாகுபடி’ என்ற பெயரோடு இந்த நாட்டில் பரப்பப்பட்டது. மேட்டுப்பாத்தி நாற்றங்கால், குறைந்த விதை, குத்துக்குச் சில நாற்று, கயிறு பிடித்து வரிசை நடவு, உரம், உருளைக் களைக்கருவி: எல்லாம் வந்தன.

வரட்டும், வரவேற்போம். ஆனால் அந்த ஆண்டில் நம் சென்னை மாகாணத்தில் வேறென்ன நடந்தது? பிள்ளைகள் அரைநாள் பள்ளியில் பயின்று, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று குலக்கல்வித் திட்டம் வந்தது! நடவு முறைக்கு ஜப்பானைப் பார். பிள்ளையின் வாழ்வுக்கு மனுவைப் பார்! கிளர்ச்சி எழுந்தது, 1954இல் காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. நாற்றங்காலை மாற்றத் துணிந்தவர்கள் நாற்றுப் பறிப்பவனின் தலைவிதியை மாற்றத் துணியவில்லை என்பதை அன்றே நாம் கண்டோம்.

பிறகு வந்தது ஆடுதுறை 27. ஜப்பானிய நோரின் 10 என்ற நெல்லையும், ஜி.இ.பி. 24 என்ற நம் நாட்டு நெல்லையும் கலந்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய குறுவைப் பயிர். 1960களின் நடுவில் காவிரிக்கரை எங்கும் பரவிற்று. அதை அடுத்து 1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8 நெல்லின் பெற்றோரில் ஒன்று தைவானின் குட்டை நெல். இவற்றைப் பயிரிட்ட பெருநிலக்காரர் எவரேனும், “ஐயகோ, கலப்பு! குலம் கெட்டது, கோத்திரம் அழிந்தது” என்று கதறினாரா? இல்லை. மூட்டையை எண்ணினார், முகம் மலர்ந்தார். அதே மனிதர் தம் மகள் வேறு சாதி இளைஞனை விரும்பினால் என்ன செய்தார்? கலப்பு நெல் களஞ்சியம் நிரப்பும். கலப்பு மணம் குடியைக் கெடுக்கும்! நெல்லுக்கு ஒரு நியாயம், நெஞ்சுக்கு ஒரு நியாயம்! சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கும் சட்டம் 1967இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறியது. இன்றும் சாதி மறுத்து மணந்தோர் வெட்டப்படும் செய்தியை ஏட்டில் படிக்கிறோம். விதையில் விஞ்ஞானம், வீட்டில் வைதிகம் என்பது இந்த நாட்டின் நோய்.

ஜப்பான் நாட்டிலிருந்து நெல்லோடு வந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. போருக்குமுன் அங்கும் குத்தகை உழவன் விளைச்சலில் பாதியளவு நிலக்காரனுக்கு அளந்தான். தான் நெல் விளைத்து, வாற்கோதுமையும் தினையும் உண்டான். 1946இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஊரில் வாழாத நிலக்காரர் குத்தகைக்கு விட்ட நிலமெல்லாம் எடுக்கப்பட்டது. ஊரில் வாழ்வோர் குத்தகைக்கு விட ஏறத்தாழ ஒரு ஹெக்டேருக்கு மேல் பெரும்பாலான இடங்களில் அனுமதியில்லை. எஞ்சியதை அரசு வாங்கி உழுதவனுக்கே விற்றது. குத்தகையில் இருந்த நிலம் நூற்றுக்கு 46 பங்கிலிருந்து, 1950க்குள் 10 பங்களவுக்கு இறங்கிற்று.

தஞ்சையில்? 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கர், 1970இல் 15. குடியிருப்பு மனையை உழைப்பாளிக்கே உரிமையாக்கிய 1971ஆம் ஆண்டுச் சட்டம் நம் இயக்க ஆட்சியின் பெருமை. அதை மறைக்க வேண்டியதில்லை. மற்றொன்றையும் மறைக்கக் கூடாது. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட சேரிமக்களின் குடும்பத்தார் 44 பேர், பெண்டிரும் பிள்ளைகளும் முதியோருமாக, ஒரு குடிசைக்குள் எரிந்து சாம்பலாயினர். ஜப்பானிய நெல்லின் வாரிசு விளைந்த அதே மண்ணில்! அப்போது ஆட்சிக்கட்டிலில் இருந்தோர் நம்மவர். தண்டனை பெற்ற நிலக்காரர்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. விளைச்சலைப் பெருக்கினோம், விளைத்தவன் உயிரைக் காக்கத் தவறினோம். இதை ஒப்புக்கொள்ளாத பகுத்தறிவு, பாதிப் பகுத்தறிவே.

இங்கே ஒரு தடை எழும். “ஜப்பானில் நிலம் பிரிக்கப்படும் முன்பே விளைச்சல் உயர்ந்திருந்ததே! நிலப் பங்கீடு இல்லாமலும் நெல் விளையும் அல்லவா?” என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உண்மை நம் வாதத்தை வீழ்த்தவில்லை, வலுப்படுத்துகிறது. உழைப்பவனுக்கு உரிமை தருவது அதனால் இரண்டு மூட்டை கூடும் என்பதற்காகவா? கூடாவிட்டால் அவன் அடிமையாகவே இருக்கலாமா? சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுமை என்று நாம் கூறியது விளைச்சல் கணக்கைப் பார்த்தா? நீதியை மரக்காலால் அளக்க முயல்பவன், மரக்கால் குறைந்த அன்று நீதியையும் கைவிடுவான்.

இன்னொரு தடை: “ஜப்பானையும் சீனாவையும் உத்தமர் என்கிறீர்களா?” இல்லை தோழர்களே! சுவான்சௌவையும் நாகையையும் கண்டு பூரிக்கும் நாம், நான்கிங்கில் ஜப்பானியப் படை 1937இல் சீனரைக் கொன்று குவித்ததையும் காண்கிறோம். மலேயா தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட நம் தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம் இரயில்பாதையில் 1942–43இல் மாண்டதை எப்படி மறப்போம்? சீனத்தில், பிறப்பைப் பாராமல் அறிவைப் பார்க்கும் அரசுத் தேர்வு 1905 வரை நடந்தது. கொள்கையளவில் அது பெருமை. ஆயினும் பெண்ணுக்கு அங்கே இடமில்லை, ஏழைக்கு ஏடு எட்டவில்லை. 1950இல் உழவனுக்கு நிலம் வழங்கிய அந்நாட்டிலேயே, 1958க்குப் பின் கட்டளையால் நடந்த கூட்டுப்பண்ணைக் காலத்தில் பஞ்சம் கோடிக்கணக்கானோரை விழுங்கிற்று. ஆண்டையின் பெயரால் வந்தாலும், அரசின் பெயரால் வந்தாலும், உழவன் வாயைக் கட்டும் ஆட்சி அவன் வயிற்றையும் கட்டும்.

ஆதலால் நாம் எந்த நாட்டையும் குருபீடத்தில் ஏற்றுவதில்லை. களத்து மேட்டில் நம் தாய்மார் செய்வதையே செய்கிறோம்: முறத்தை எடுத்துப் புடைக்கிறோம்; பதர் பறக்கட்டும், மணி நிற்கட்டும். ஆனால் புடைப்பவர் தமக்கு இலாபமானதை மணியென்றும், தம் ஆதிக்கத்தைக் கெடுப்பதைப் பதரென்றும் பிரித்தால், அந்த முறம் பொய்யான முறம். அப்படிப்பட்ட முறத்தைத்தான் நம் நிலக்காரர் ஏந்தினர். ஜப்பானின் களைக்கருவி மணியாயிற்று, நிலச்சட்டம் பதராயிற்று! கற்க மறுத்ததற்கு அவர் காட்டும் காரணம் ‘நம் பண்பாடு வேறு’ என்பது. அந்தப் பண்பாடு களைக்கருவியைத் தடுக்கவில்லையே! நமக்கு அளவுகோல் ஒன்றே: பிறர்க்கு நாம் மறுக்கும் உரிமையை நமக்கு எவரேனும் மறுத்தால் பொறுப்போமா? பொறுக்க மாட்டோம் எனில், மறுப்பது அநீதி. அதை அளக்கப் பீக்கிங்கும் வேண்டாம், டோக்கியோவும் வேண்டாம், மனுவும் வேண்டாம்.

ஜப்பானிலும் தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட மக்கள் உண்டு. இழிவை ஒழித்ததாக 1871இல் அரசு ஆணை பிறப்பித்தது; இழிவு ஒழியவில்லை. அந்த மக்களே 1922இல் கியோட்டோ நகரில் கூடி ஓர் இயக்கம் கண்டனர். இரக்கம் வேண்டாம், மதிப்பு வேண்டும் என்றனர். இங்கே சுயமரியாதை இயக்கம் பிறந்ததற்கு மூன்றே ஆண்டு முன்னர்! அவர்கள் தம் அமைப்புக்கு இட்ட பெயர் ‘சுயிஹெய்ஷா’. சுயிஹெய் எனில் நீர்மட்டம். மேடு பள்ளமில்லாச் சமனிலையைக் குறிக்கும் சொல்.

காவிரி நாட்டுத் தோழர்களே! அந்தச் சொல்லின் பொருளை உங்களுக்கு விளக்க வேண்டுமா? சேற்றில் பரம்படித்தவர்கள் நீங்கள். வயலில் நீர் நிறுத்திப் பார்க்கும்போது, எங்கே மேடு தலைநீட்டுகிறது, எங்கே பள்ளத்தில் நாற்று மூழ்குகிறது என்று நீரே காட்டிவிடும். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடாமல் நடவு செய்பவன் உழவன் ஆகான். வயலுக்கு அறிந்ததை ஊருக்கும் செய்வோம். ஊருக்குள் ஒரு தெரு, ஊருக்கு வெளியே ஒரு சேரி என்ற மேடும் பள்ளமும் நிற்கும்வரை, எந்த நாட்டு நாற்றை நட்டாலும் நாம் கண்டது பாதி விளைச்சலே.