ஒளித்து வைத்த புத்தகம்

பல்கலைக்கழக நூலகங்களில் புத்தகத் திருடனைவிட மோசமான ஆசாமி ஒருவன் உண்டு. அவன் எதையும் வெளியே கொண்டுபோக மாட்டான். பரீட்சைக்கு வேண்டிய ஒரே பிரதியை, யாரும் எட்டிப் பார்க்காத விவசாயப் பிரிவில் உரங்களுக்கு நடுவே செருகிவிட்டு, மறுநாள் வந்து நிதானமாகப் படிப்பான். கேட்டால், 'நான் என்ன திருடிட்டேனா சார்? லைப்ரரிக்குள்ளதானே இருக்கு?' என்பான்.

இருக்கிறதுதான். எங்கே? முதுகில் ஒட்டிய எண்தான் புத்தகத்தின் விலாசம். மெல்வில் ட்யூயி 1876-ல் வெளியிட்ட தசம முறைப்படி 170 என்றால் ஒழுக்கவியல், 630 விவசாயம், 894.811 நம் தமிழ் இலக்கியம். 170-ல் இருக்க வேண்டியது 630-ல் போய் உட்கார்ந்தால் தொலைந்த மாதிரிதான். திருட்டுப் போனது தெரிந்தாலாவது, காசிருந்தால் வேறு பிரதி வாங்குவார்கள். இதையோ கம்ப்யூட்டர் 'உள்ளே இருக்கிறது' என்றே சாதிக்கும். (எடுத்ததை ஒழுங்காகத் திருப்பி வைப்பதாக நினைத்துத் தப்பான வரிசையில் வைக்கும் நல்லவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். 'புத்தகங்களை மேஜையிலேயே விட்டுச் செல்லவும்' என்ற போர்டு அவர்களுக்காகத்தான்.)

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகனுக்கு அவன் புத்தகம் கிடைக்கணும் என்கிறது இரண்டாவது. மூன்றாவது புத்தகத்தின் பக்கம் நின்று பேசுகிறது: அதற்கேற்ற வாசகன் அதனிடம் வந்து சேரணும். இதற்காகத்தான் அலமாரிகளைத் திறந்து விடுங்கள் என்றார். சீட்டெழுதிக் கொடுத்துக் காத்திருந்தால் கேட்ட புத்தகம் வரும். கேட்கத் தெரியாத புத்தகம் வராது. ஆனால் திறந்த அலமாரி என்பது முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேரை நம்புவது.

நம்பலாமா? அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் எரிக் ஷ்விட்ஸ்கெபெல் 2009-ல் ஒரு வேடிக்கையான கணக்கை வெளியிட்டார். பெரிய பல்கலைக்கழக நூலகங்களின் பட்டியல்களை அலசியதில், தத்துவ நூல்களிலேயே ஒழுக்கம் பற்றியவைதான் அதிகம் காணாமல் போகின்றனவாம். பேராசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் மட்டுமே தொடக்கூடிய நூல்களில் மற்றவற்றைப்போல ஒன்றரை மடங்கு. பழைய மூல நூல்களில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆக, படித்தால் திருந்துவார்கள் என்று சொல்ல முடியவில்லை.

ஒளிப்பவன் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அறுபது மாணவர்களுக்கு ஒரு பிரதி. வெளியே விலை ஆயிரத்துச் சொச்சம். வசதியுள்ளவன் வாங்கிவிடுவான். 'நான் எங்கே சார் போறது?' என்ற கேள்வியைத் தட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்த வசதியுள்ளவன் அலமாரிப் பக்கமே வரப்போவதில்லையே! 170-ல் விரலை ஓட்டி, அந்த எண் மட்டும் இல்லாமல் குழம்பி நிற்கிறவளும் வாங்க முடியாதவள்தான். பஸ் பாஸ் வைத்துக்கொண்டு ஊரிலிருந்து வந்திருப்பாள். இவனுக்குச் சமமான ஆள். அவளிடமிருந்துதான் இவன் ஒளித்திருக்கிறான்.

சில நூலகங்களில் இந்த மாதிரிப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து கவுண்ட்டரில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் தருகிறார்கள். ரங்கநாதன் திறந்து வைத்ததில் ஒரு துண்டை மறுபடி பூட்டுவதுதான் இது. ஆனாலும் நாலு பேர் முறை வைத்துப் படித்துவிடுகிறார்கள்.