வீடு ஓர் அடைக்கலப் பொருள்

தமிழில் 'வீடு' என்னும் சொல் இரு பொருள் தருவது. நாம் குடியிருக்கும் மனையும் வீடுதான். அறம், பொருள், இன்பம் என்பவற்றின் பின் நான்காவதாக வைத்து எண்ணப்படும் விடுதலையும் வீடுதான். 'விடு' என்னும் வினையோடு இச்சொல்லுக்கு உள்ள உறவு வெளிப்படை. ஆயினும், உலகில் மனிதன் விடமாட்டாமல் பற்றிக்கொள்ளும் பொருள்களுள் குடியிருக்கும் வீட்டுக்கே பெரும்பாலும் முதலிடம். அதை வாங்குவதற்காக வாழ்நாளின் பாதியைக் கடனாக அடைக்கிறோம். அதைப் பங்கிடுவதற்காக உடன்பிறந்தாரோடு நீதிமன்றம் ஏறுகிறோம்.

அப்படியானால், இல்லறத்தில் இருந்தவாறே இறைநெறியில் செல்ல விரும்பும் ஒருவர் தம் வீட்டை எவ்வாறு கருத வேண்டும்? தமக்குப் பொருந்திய வீட்டைத் தேடித் தேர்வதும், அதைக் கருத்தோடு பேணுவதும் பற்றை வளர்க்கும் செயல்களா, பக்குவத்தை வளர்க்கும் செயல்களா?

நம் நூல்கள் இதற்கு இருவகையாக விடை கூறுவதுபோல் தோன்றும். ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராவது ஸ்கந்தத்தில் வரும் அவதூதர், தாம் குருவாகக் கொண்ட இருபத்து நால்வருள் பாம்பையும் ஒன்றாகச் சொல்கிறார். பாம்பு தனக்கென வளை அமைப்பதில்லை. பிற உயிர்கள் அமைத்த இடத்தில் தங்கிவிட்டுப் போகிறது. ஞானத்தின் இலக்கணங்களைக் கூறும் பகவத் கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயமும், மக்கள், மனைவி, வீடு ஆகியவற்றில் ஒட்டாதிருத்தலை அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கிறது. திருக்குறளோ இல்வாழ்க்கைக்குத் தனி அதிகாரமே வகுத்து, ஏனைய நெறிகளில் நிற்போர்க்கும் இல்லறத்தானே துணை என்கிறது.

ஊன்றி நோக்கினால் இவற்றிடையே முரண் இல்லை. பாம்பு தங்க வேண்டுமானால் வேறோர் உயிர் முன்னமே வளை தோண்டியிருக்க வேண்டும். துறவி ஓர் இரவு தலைசாய்க்க வேண்டுமானால், யாரோ ஓர் இல்லறத்தார் திண்ணை கட்டி, அதைப் பெருக்கி, விளக்கும் ஏற்றி வைத்திருக்க வேண்டும். கீதை விலக்கச் சொல்வது ஒட்டுதலை, பேணுதலை அன்று. ஒருவர் நம்மிடம் நம்பி ஒப்படைத்த அடைக்கலப் பொருளை நாம் எவ்வளவு கவனமாகக் காப்போம்! அது நம்முடையது அன்று என்ற நினைவே அக்கவனத்தைக் கூட்டுகிறது. வீட்டையும் அவ்வாறு கருத முடியுமா என்பதே நம் கேள்வி.

வலியசாலைத் தெருவில்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதிக்கு அருகே, கிள்ளியாற்றை அடுத்து இருக்கிறது வலியசாலை. காந்தளூர் மகாதேவர் கோயிலும் அதைச் சார்ந்த அக்கிரகாரமும் அவ்விடத்தின் அடையாளங்கள். தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்துவருகின்றன. முகப்பு குறுகியும் உட்புறம் நீண்டும் அமைந்தவை பழைய அக்கிரகார வீடுகள். திண்ணை, இடைகழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணறு, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அவை செல்லும்.

அவ்வமைப்பில் வீண் இடம் என்று ஒன்று இல்லை. திண்ணை வழிப்போக்கருக்கும் முதியவருக்கும் உரியது. கூடம், கல்யாணம் முதல் பாராயணம் வரை எல்லாவற்றுக்கும் பயன்பட்டது. முற்றம் வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே கொணர்ந்தது. அன்றாடம் செய்ய வேண்டிய கடமைகளை முதலில் எண்ணி, அவற்றுக்கேற்பப் பின்னர் வீட்டை வகுத்திருக்கிறார்கள்.

அவ்வீடுகளின் மற்றொரு சிறப்பு, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே ஒரே சுவர் இருப்பது. இருவர் கூரைகளின் நீரும் அச்சுவரை ஒட்டியே வடியும். ஒருவர் தம் ஓடுகளைப் பார்க்காமல் விட்டால், ஈரம் அடுத்தவர் பூஜை அறையில் தெரியும். ஒருவர் வீட்டு உத்தரத்தில் ஏறிய கறையான் அந்த வீட்டோடு நின்றுவிடுவதில்லை. வீட்டைப் பேணுவது சொந்த விருப்பம் என்று அங்கே யாரும் சொல்ல முடியாது; அது அண்டை வீட்டாருக்குச் செலுத்த வேண்டிய கடனாகிறது. சற்று எண்ணினால், தனிச்சுவர் எழுப்பி வாழும் நமக்கும் இதே நிலைதான் என்பது புலப்படும். நம் வீட்டுச் சாக்கடை அடுத்த தெருவுக்குப் போகிறது. நம் மொட்டைமாடித் தொட்டியில் தேங்கிய நீரில் பிறந்த கொசு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கிறது.

ஒரு சாலையின் ஒழுங்கு

வலியசாலை என்ற பெயரிலுள்ள 'சாலை' பாதையைக் குறிப்பதன்று. பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலை இவ்விடத்தில் இருந்தது என அறிஞர் பலர் கருதுவர். விழிஞ்ஞத்தை ஒட்டி இருந்தது என்போரும் உண்டு. மாணவர் தங்கி, உண்டு, வேதமும் பிற கலைகளும் பயின்ற இடமே சாலை. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல், இன்றைய குமரி மாவட்டத்திலுள்ள பார்த்திவபுரத்தில், காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு சாலையை நிறுவினான். அச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் கிடைத்துள்ளன.

அச்செப்பேடுகளில் இரு செய்திகள் நம் பொருளுக்கு ஏற்றவை. முதலாவது, மன்னன் இடத்தைத் தேர்ந்த முறை. அவன் அரசன், விரும்பிய நிலத்தை எடுத்துக்கொள்ள அவனைத் தடுப்பவர் இலர். ஆயினும் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து, மாற்று நிலம் கொடுத்தே அவ்விடத்தைப் பெற்றான். அறத்தோடு பெற்ற மண்ணின்மீதுதான் அறம் பயிலும் இடம் எழ முடியும் என்பதை அவன் உணர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது, தொண்ணூற்றைந்து மாணவர் தங்குவதற்கு வகுத்த ஒழுங்கு. ஒருவரையொருவர் இழித்துப் பேசினால் தண்டம்; ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரலாகாது; சூதாடலாகாது. கட்டடத்தைக் காப்பதற்குச் சுண்ணாம்பு வேண்டும். அதற்குள் வாழும் வாழ்வைக் காப்பதற்கு நாவடக்கம் வேண்டும். இன்றும் புதிதாய் வண்ணம் பூசிய எத்தனையோ வீடுகளில் கடுஞ்சொல்லால் விழுந்த விரிசல் அடைபடாமலே இருக்கிறது.

தேர்வுக்கு அளவுகோல்

வீடு தேடுவோர் பெரும்பாலும் கேட்கும் முதற்கேள்வி, 'எவ்வளவு கடன் கிடைக்கும்?' என்பதே. அதற்கு முன்பு கேட்க வேண்டியவை வேறு. இவ்வீட்டில் நாம் அன்றாடம் செய்யப்போகும் கடமைகள் எவை? முதிய பெற்றோர் படியேறாமல் வாழ முடியுமா? பள்ளிக்கும் வேலைக்கும் போய்வரும் பயணம், பிள்ளைகளோடு பேசும் நேரத்தை விழுங்கிவிடுமா? காலையில் பத்து நிமிடம் அமைதியாக அமர ஒரு மூலை உண்டா? விருந்தினர் ஒருவர் வந்தால், அவர் வரவு நமக்குப் பாரமாகாதபடி இடமும் பொருளும் எஞ்சியிருக்குமா? மாதத் தவணை கட்டியபின் ஒரு வாய் அரிசியைப் பிறருக்கு அளிக்க இயலாத நிலைக்கு ஒரு வீடு நம்மைத் தள்ளுமானால், அது எத்தனை அழகியதாயினும் நமக்குப் பொருந்தியது அன்று.

இன்னும் ஒரு கேள்வி உண்டு. இவ்வீட்டை நம் கையாலும் நம் வருவாயாலும் தூய்மையாக வைத்திருக்க முடியுமா? துடைக்க ஆள் இல்லாத அறை, ஓராண்டில் பழம்பொருள் அறையாகிவிடும். வாழ்வதற்குத் தேவையான அளவையும் பேண முடிகிற அளவையும் பார்த்து, இரண்டில் சிறியதைத் தேர்வது அறிவுடைமை.

திருவனந்தபுரத்திலேயே இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1917-இல் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், 1940-களில் மும்பையில் காந்தியடிகளைச் சந்தித்தார். வீடு கட்டப்படும் இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களால் அது கட்டப்பட வேண்டும் என்று காந்தியடிகள் கூறிய கருத்து அவர் வாழ்நாள் முழுவதற்கும் வழிகாட்டியது. 1970-ஐ ஒட்டித் திருவனந்தபுரத்தில் குடியேறிய அவர், 2007-இல் மறையும்வரை எளியோர்க்கும் அமைப்புகளுக்கும் எண்ணற்ற கட்டடங்களை எழுப்பினார். செங்கற்களை நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை அவர் பரப்பினார். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் அதில் மிச்சமாகும். நடுவிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். தேவையற்ற பூச்சைத் தவிர்த்தார். நிற்கும் மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்தார். வலியசாலைக்கு அருகே தம்பானூரில் அவர் அமைத்த இந்தியன் காபி ஹவுஸ் கட்டடம் இன்றும் பயணிகள் கண்ணில் படும். தேவை இது, ஆடம்பரம் இது என்று பிரித்தறியும் விவேகம் செங்கல்லிலும் செயற்படும் என்பதற்கு அவர் பணி சான்று.

பேணுதல் என்னும் சாதனை

கேரளத்தில் ஓட்டு வீட்டைப் பேணுவோர் இடவப்பாதி மழைக்கு முன்பே கூரை ஏறுவர். உடைந்த ஓட்டை மாற்றுவர். கழிவுநீர்ப் பாதையில் அடைந்த சருகை அள்ளுவர். மரச்சட்டங்களில் கறையான் தடம் உண்டா என்று பார்ப்பர். ஐப்பசியில் மீண்டும் மழை வரும். மீண்டும் அதே வேலை. ஓர் ஓடு விலகிய அன்றே சரிசெய்தால் அரைமணி நேர வேலை. மூன்று மழைக்காலம் விட்டுவிட்டால் கைமரமே உளுத்துவிடும்.

மனத்தைப் பேணுவதும் இவ்வாறே. ஜபமோ தியானமோ ஒருநாள் செய்து முடித்துவிடும் காரியம் அன்று. சிறிய குறையைச் சிறியதாக இருக்கும்போதே காணும் பழக்கத்தை வீட்டு வேலை நமக்குக் கற்றுத்தருகிறது. பாராட்ட யாரும் இல்லாத வேலை அது. நாளைக்கும் செய்ய வேண்டிய வேலை. பலனில் பற்றின்றிச் செயல் புரியப் பயில விரும்புவோர்க்குப் பெருக்குமாற்றைவிட எளிதில் கிடைக்கும் கருவி உண்டா? ஆனால் அப்பயிற்சியைக் குடும்பத்தில் பெண்களின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு மற்றவர்கள் திண்ணையில் அமர்ந்து வேதாந்தம் பேசுவது முறையன்று. வீட்டில் உண்பவர் அனைவரும் வீட்டைப் பேணக் கடமைப்பட்டவர்களே.

யாருக்காக இந்த வீடு?

பழைய தெருக்களின் அழகைப் பேசும்போது ஓர் உண்மையை மறைத்தலாகாது. அத்தெருக்களும் திண்ணைகளும் அக்காலத்தில் எல்லோர்க்கும் திறந்திருக்கவில்லை. திருவிதாங்கூரில் கோயிற் கதவுகளே 1936 நவம்பர் 12-இல்தான் பிரகடனத்தின் மூலம் அனைத்து இந்துக்களுக்கும் திறந்தன. எத்துணை நேர்த்தியாகக் கட்டிய வீடாயினும், யாருக்காக அதன் கதவு அடைக்கப்படுகிறது என்ற கேள்விக்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.

1892 டிசம்பரில், பரிவிராஜகராகச் சுற்றிவந்த சுவாமி விவேகானந்தர் திருவனந்தபுரம் வந்து, பேராசிரியர் சுந்தரராம ஐயரின் இல்லத்தில் ஒன்பது நாட்கள் தங்கினார். கொச்சியிலிருந்து அவருக்குத் துணையாக வந்தவர் ஒரு முஸ்லிம் ஊழியர். அதற்கு முந்திய இரு நாட்களில் சுவாமிஜி சிறிது பாலைத் தவிர வேறெதுவும் உட்கொண்டிருக்கவில்லை. ஆயினும் அந்தத் துணைவருக்கு உணவளிக்க ஏற்பாடு செய்யுமாறே முதலில் கேட்டார். அவர் உண்டு விடைபெற்றுச் சென்ற பின்னரே தம்மைப் பற்றி நினைத்தார். பேராசிரியரே தம் நினைவுக் குறிப்புகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார். வைதிக ஆசாரம் இறுகியிருந்த அந்நகரில், ஓர் இல்லத்தின் தகுதி அன்று அளக்கப்பட்டது. அவ்வில்லத்தில் எத்தனை அறைகள் இருந்தன என்று இன்று யாரும் கேட்பதில்லை. அங்கே யார் பசியாறினார் என்பதே நினைவில் நிற்கிறது.

விடுவதும் பேணுதலே

இன்று நம்மை எதிர்நோக்கும் சிக்கல் வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது கேரளத்தில் ஏறத்தாழ 12 லட்சம் கட்டடங்கள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன. பத்தில் ஒன்றுக்கும் சற்று அதிகம். பிள்ளைகள் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். பெற்றோர் இருக்கும்வரை விளக்கெரிந்த வீடு, பிறகு பூட்டப்படுகிறது. 'பூர்வீகம், எப்படி விற்பது?' என்கிறார்கள், ஓடு மாற்றவும் ஆள் அனுப்புவதில்லை. தமிழகத்தின் அக்கிரகாரங்களிலும் செட்டிநாட்டிலும் இந்நிலையைக் காணலாம்.

பாசம் என்று நாம் இதற்குப் பெயரிடுகிறோம். ஆனால் பொதுச்சுவரின் மறுபக்கம் வாழும் குடும்பத்துக்கு அது ஒழுகும் சுவராகவும் பாம்புப் புதராகவுமே தெரிகிறது. அடைக்கலப் பொருளைத் தன்னால் காக்க இயலாதபோது, காக்க வல்லவரிடம் ஒப்படைப்பதே நேர்மை. வாடகைக்குத் தரலாம், உறவில் வீடின்றி வருந்தும் ஒருவரைக் குடியமர்த்தலாம், பாடசாலைக்கோ முதியோர் பராமரிப்புக்கோ அளிக்கலாம், நன்றாக வைத்துக்கொள்ளும் ஒருவருக்கு மனம் நிறைந்து விற்கலாம். இவற்றுள் எதுவும் முன்னோரை மறத்தல் ஆகாது. அவர்கள் நமக்குத் தந்தது விளக்கெரியும் வீடு. அது யார் கையால் எரிந்தாலும் அவர்கள் விருப்பம் நிறைவேறுகிறது.

தக்கதைத் தேர்ந்து, இருக்கும் நாள்வரை கறையின்றிக் காத்து, நேரம் வரும்போது முகம் கோணாமல் ஒப்படைப்பது என்னும் இப்பயிற்சியை மனையில் பெற்றவர்க்கு இன்னொரு வீட்டைக் காலி செய்யும் நேரத்திலும் கலக்கம் இராது. இவ்வுடலும் நமக்குத் தரப்பட்ட குடியிருப்புத்தானே! தமிழ் இரண்டுக்கும் ஒரே பெயரை இட்டிருப்பது பொருத்தமே: ஒரு வீட்டை நன்கு பேணக் கற்றவர், மற்ற வீட்டை நோக்கியும் ஓரடி வைத்துவிட்டார்.