கிரகணமும் பிள்ளையின் கேள்வியும்

பகலில் ஏன் இருட்டுகிறது என்று பிள்ளை கேட்டால், "அல்லாஹ்வின் நாட்டம்" என்று கூறிப் பேச்சை முடித்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் மட்டுமன்று, மத்ரஸாக்களிலும் உண்டு. அச்சொல்லில் பிழையேதும் இல்லை. ஆயினும் பிள்ளை கேட்டது 'எவனால்' என்பதையன்று, 'எவ்வாறு' என்பதை. கேட்டதை விடுத்து வேறொன்றிற்கு விடை பகர்வது, அவ்விடை எத்துணை உண்மையாயினும், நேர்மையாகுமா?

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 632-இல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் பால்குடிப் பருவத்திலேயே மறைந்த அன்று, மதீனாவில் சூரிய கிரகணம் உண்டாயிற்று. நபிமகனின் பிரிவுக்காகவே கதிரவன் ஒளி குன்றியது என மக்கள் பேசலாயினர். அன்பில் பிறந்த பேச்சு. மார்க்கத்திற்குப் பெருமை சேர்ப்பது போலத் தோன்றும் பேச்சு. வாளாவிருந்திருந்தால் போதும், அது நிலைத்திருக்கும். மகனை இழந்த அத்தந்தையோ நெடுந்தொழுகை நடத்தியபின், சூரியனும் சந்திரனும் எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் அடைவதில்லை, அவை இறைவனின் அத்தாட்சிகளுள் உள்ளவை என்று அறிவித்து மறுத்தார்கள். பொய்க்காரணம் விலக்கப்பட்டது, வணக்கம் விலக்கப்படவில்லை. காரணங்களைக் கற்பித்தால் பிள்ளைகளின் ஈமான் தளர்ந்துவிடுமோ என அஞ்சும் ஆலிம் பெருமக்கள் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக.

2019 டிசம்பர் 26 அன்று கோவை, கரூர், திண்டுக்கல் பகுதிகளில் வளைய கிரகணம் தெரிந்தது. அன்று கதவடைத்த வீட்டுக்குள் இருத்தப்பட்ட பிள்ளைகள் பலர். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கலாகாது என்பது முற்றிலும் சரி. ஆனால் ஓர் அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, துளைவழியே வரும் ஒளியை வெள்ளைத்தாளில் விழச் செய்தால், கிரகணம் பிடிக்கத் தொடங்கியதும் அவ்வொளி பிறைவடிவு கொள்வதைக் காணலாம். மரத்தடியில் இலைகளின் இடுக்கே விழும் ஒளிப்பொட்டுகளும் அன்று பிறைகளே. பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இத்துளையொளியை ஆராய்ந்து, கிரகணத்தின் வடிவம் பற்றித் தனிநூல் யாத்தார். அவர் செய்ததை நம் பிள்ளை செய்வதற்கு ஓர் அட்டையும் ஊசியும் போதும். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

சந்திரன் குறுக்கே வந்து மறைக்கிறது என்று சொன்னவுடன், கூர்மையான பிள்ளை அடுத்ததைக் கேட்கும்: "அப்படியானால் அமாவாசைதோறும் கிரகணம் வரவேண்டுமே?" வகுப்புச் சுவரில் தொங்கும் படம் இங்கே கைவிட்டுவிடும். கைவிடுவதோடு ஏமாற்றவும் செய்யும். அதில் பூமியும் சந்திரனும் அண்டை வீட்டார்போல் நிற்கின்றன. நாம் செய்யத்தக்கது இது. பூகோள உருண்டை 30 சென்டிமீட்டர் அகலமுடையதாயின், 8 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பந்தை எடுத்து, 9 மீட்டர் தள்ளி ஒரு பிள்ளையிடம் கொடுத்து நிற்க வைக்க வேண்டும். பெரும்பாலான வகுப்பறைகளில் இடம் போதாது. முற்றத்திற்குப் போக நேரும். போகட்டும், நல்லதுதான். சந்திரனின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்தது. அவ்வளவு தொலைவில் அச்சாய்வு பந்தை முக்கால் மீட்டருக்கு மேலாகவே உயர்த்தியோ தாழ்த்தியோ விடும். ஆகவே பெரும்பாலான அமாவாசைகளில் சந்திரனின் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடுகிறது. ஆசிரியர் சொன்னதற்காக நம்ப வேண்டியதில்லை. பிள்ளை தானே அளந்து பார்த்துக்கொள்ளும். சூரியனை எங்கே வைப்பது என்று கேட்டால், இதே அளவின்படி மூன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால், 33 மீட்டர் அகலத்தில் என்று சொல்லலாம்.

இதன்பின்னும் ஒரு கேள்வி எஞ்சும். சூரியனின் விட்டம் சந்திரனைப்போல் 400 மடங்கு. தொலைவும் ஏறத்தாழ 400 மடங்கு. அதனால் இரண்டும் வானில் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிகின்றன. இவ்வளவு பொருத்தமாக அமைந்தது ஏன்? வானியலார் இதனைத் தற்செயல் என்பர். அதற்கும் ஏன் என்று பிள்ளை கேட்டால், தம்மிடம் தொலைதூரத்திலிருந்து வந்து வினவியோரிடமும் தயங்காமல் "லா அத்ரீ", அறியேன், என்று கூறியதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களைப் பற்றி நாம் ஓதியிருக்கிறோமே, அவ்விடையையே அப்பிள்ளைக்கும் கூறலாம்.