வாசலை அடைத்தது அறமா?

வீடு தேடி வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்புவது பாவம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. இன்னா செய்யாமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. இவ்விரு அறங்களும் ஒன்றுக்கொன்று முரணாகும் என்று நாம் எண்ணியதில்லை. 2020ஆம் ஆண்டு பங்குனியிலும் சித்திரையிலும் அவை நம் வீட்டு வாசலிலேயே எதிரெதிராக நின்றன. எதற்கு வழிவிடுவது முறை என்பதை இப்போது அமைதியாகச் சிந்திப்பது நலம்.

திண்டுக்கல்லில் கோடை விடுமுறை உறவு கூடும் காலம். மணமாகிச் சென்ற பெண்கள் பிள்ளைகளோடு தாய்வீடு வருவர். மொட்டைமாடியில் வடகம் காயும். கூடத்தில் சிறுமலை வாழைத்தார் தொங்கும். அவ்வாண்டு மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடையாணையும், அன்று நள்ளிரவு முதல் நாடெங்கும் 21 நாள் ஊரடங்கும் வந்தன. பின்னர் அது பலமுறை நீண்டது. பேருந்தும் இரயிலும் நின்றன. மாவட்டம் கடக்கத் திருமணம், மருத்துவம், இறப்பு என்று காரணம் காட்டி அனுமதி பெற வேண்டியிருந்தது. ஏப்ரல் 6இல் வந்த மகாவீர் ஜெயந்தியையும் இல்லத்துக்குள்ளேயே கொண்டாடினோம்.

அரசாணை ஊர் கடப்பதைத் தடுத்தது. அடுத்த தெருவில் வாழும் தங்கை அக்காளைக் காண வருவதைத் தடுக்க, மனச்சான்றைத் தவிர வேறு காவல் இல்லை. பல வீடுகளில் பலகாரத் தூக்கைத் திண்ணையில் வைத்துவிட்டு விலகி நின்று நலம் விசாரித்துச் சென்றனர். தாத்தா சன்னல் கம்பிக்கு உள்ளேயும் பேரன் வெளியேயும் நின்று பேசினர். இது அறமா, அன்பின்மையா?

அந்நோயின் இயல்பு நாம் அறிந்ததே. காய்ச்சலும் இருமலும் தோன்றுமுன்னரே அது மூச்சின் வழியே பிறரைப் பற்றும். அறிகுறி வெளிப்பட 14 நாள் வரை ஆகலாம். முதியோரையும் நீரிழிவு உடையோரையும் கடுமையாகத் தாக்கும். எனவே அன்பு மேலிட்டு வருபவரே அறியாமல் தீங்கு கொண்டு வரக்கூடும். அறியாமல் நேர்வது குற்றமாகுமா எனக் கேட்கலாம். அறியாமை வேறு, அறிந்தும் கருதாமை வேறு. இம்சையின் வேர் கவனமின்மையில் இருக்கிறது என்பது நம் ஆசாரியர்கள் காட்டிய வழி. கண்ணுக்குத் தெரியாத உயிருக்கும் இரங்கி நீரை வடிகட்டிப் பருகும் நாம், எதிரே நிற்கும் மூத்தவரின் உயிருக்கு அஞ்சாதிருக்க முடியுமா?

இவ்வொழுக்கம் புதியதும் அன்று. நம் இளமையில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பர். அதைக் கண்டவர் உள்ளே செல்லார். அவ்வீட்டாரும் வெளியே செல்லார். அதை யாரும் அவமதிப்பாகக் கொண்டதில்லை. இங்கிலாந்தில் ஈம் என்னும் சிற்றூரில் 1666இல் கொள்ளைநோய் பரவியபோது, அயலூர்களுக்கு அது செல்லாதிருக்க ஊரைவிட்டு வெளியேறுவதில்லை என்று மக்கள் உறுதி பூண்டனர். எல்லைக் கல்லின் குழிகளில் காடி ஊற்றி, அதில் காசிட்டு, உணவு பெற்றனர். அவ்வூரில் சுமார் 260 பேர் மாண்டனர்.

எனினும் மறுபக்கத்தை மறைத்தல் ஆகாது. தனித்திருந்த முதியோர் பலருக்குப் பிள்ளைகளின் வருகையே மருந்தாக இருந்தது, அது கிடைக்கவில்லை. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடலாகாது என்ற விதியால் பெற்ற தாயின் முகத்தைக் கைப்பேசியில் கண்டவர்கள் உண்டு. “அன்று நீ வரவில்லையே” என்ற சொல் சில குடும்பங்களில் இன்றும் ஆறாத புண். செய்தது சரி என்பதால் துன்பம் இல்லாமற் போய்விடாது. வராதவரும் அழுதவரே என்பதை வீட்டிலிருந்தவர் உணர்தல் வேண்டும். வராதவர் அத்துயரை ஆற்றும் கடமை தமக்குண்டு என்பதை உணர்தல் வேண்டும்.

மற்றொன்றும் கூறவேண்டும். விலகி நின்றதெல்லாம் அறம் ஆகாது. 2020 ஏப்ரலில் சென்னையில் இந்நோயால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிசின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து தடுத்தது. உடன் பணியாற்றிய மருத்துவரே நள்ளிரவில் மண்ணள்ளிப் போட்டு அடக்கம் செய்ய நேர்ந்தது. அங்கு நிகழ்ந்ததும் விலக்கல்தான். ஆனால் அது தன்னுயிரை மட்டும் எண்ணிய அச்சத்தில் பிறந்தது. திண்ணையில் தூக்கை வைத்துச் சென்ற தங்கையோ பிறர் உயிரை எண்ணி விலகினாள். யாரைக் காக்க விலகினோம் என்பதே இவ்விரண்டையும் பிரித்தறியும் அளவுகோல்.

ஆகவே, காக்கும் பொருட்டு அன்று வாசலை அடைத்தது விருந்தோம்பலுக்கு மாறன்று. அதன் வேறொரு வடிவமே. ஆனால் அவ்விலக்கு நோய் உள்ளவரைக்கு மட்டுமே உரியது. இன்று தடையாணை இல்லை, பேருந்துகள் ஓடுகின்றன. இன்றும் “தொலைபேசியில் பேசினால் போதும்” என்று பெரியோரைக் காணாதிருப்பவர், தாம் யாரைக் காக்கிறோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். அன்றைய கடனைத் தீர்க்க இக்கோடை விடுமுறையில் ஒரு நாளாவது சென்று, அவர்களோடு அமர்ந்து உணவருந்தி வருவோமாக.