படைத்தவர் பார்க்கும் ஆட்டம்

வலைத்தலை கொண்ட ஸ்டிக்கால் பந்தை வீசிப் பிடித்து ஆடும் லக்ராஸில், பெண்கள் ஆட்டம் 'டிரா'வில் தொடங்குகிறது. இரு அணிகளின் சென்டர்களும் நடுக்கோட்டில் எதிரெதிரே நின்று, ஸ்டிக்குகளை இடுப்புக்கு மேல் கிடையாகப் பிடித்து, அவற்றின் வலைத்தலைகளை முதுகோடு முதுகாக ஒட்டி வைக்கிறார்கள். அம்பயர் நடுவே பந்தைச் செருகிவிட்டு விலகுகிறார். விசில் வரும்வரை இருவரும் இம்மியும் அசையக் கூடாது. விசில் ஒலித்ததும் ஸ்டிக்குகளை மேல்நோக்கி இழுக்கிறார்கள். பந்து இருவர் தலைக்கும் மேலே எழும்ப வேண்டும். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் மறுபடி டிராதான். கோல் வாங்கிய அணிக்குப் பந்து தானாக வந்துவிடாது. அதனால் டிராக்களை வரிசையாக வெல்லும் அணி, எதிரணி பந்தைத் தொடுவதற்கு முன்பே நாலைந்து கோல் போட்டுவிட முடியும். அமெரிக்கக் கல்லூரி அணிகளின் பயிற்சியாளர்கள் இந்த ஒரு நொடிக்காக மணிக்கணக்கில் உழைப்பதன் காரணம் இதுவே.

ஆனால் இந்த ஆட்டத்தை உலகுக்குத் தந்த மக்களுக்கு இது வெறும் விளையாட்டு அல்ல. நியூயார்க் மாநிலத்திலும் கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் பகுதிகளிலும் வாழும் ஹோடனஷோனி கூட்டமைப்பின் ஆறு இனத்தார், அதாவது மோஹாக், ஒனைடா, ஒனொன்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா மக்கள், இதைப் படைத்தவர் கொடுத்த கொடை என்று கொள்கிறார்கள். நோயாளி குணமாகவும், ஊரின் மனம் தெளியவும், படைத்தவர் பார்த்து மகிழவும் ஆடப்படும் மருந்து இது. ஹிக்கரி மரத்தை வளைத்துச் செய்த ஸ்டிக்கை ஆண் குழந்தையின் அருகில் வைப்பார்கள். ஆண் இறந்தால் ஸ்டிக்கும் உடன் போகும். அந்த மர ஸ்டிக்கைப் பெண்கள் தொடுவதில்லை. மருந்தாட்டத்தில் அவர்கள் ஆடுவதும் இல்லை.

அப்படியானால் பெண்களுக்கு டிரா கற்றுக்கொடுப்பது எதைக் கற்றுக்கொடுப்பது? கொடையாக வந்த ஒன்றை, அதை வழங்கிய மரபே யாருக்கு இல்லை என்றதோ அவர்களுக்கு வெறும் உத்தியாகப் பிரித்துக் கொடுக்கலாமா? கொடுத்தால் அதில் புனிதம் என்று ஏதாவது மிஞ்சுமா?

வரலாறு இந்தக் கேள்விக்காகக் காத்திருக்கவில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனர்ட்ஸ் பெண்கள் பள்ளியின் முதல் தலைமையாசிரியையாக இருந்த லூயிசா லம்ஸ்டென் 1884-இல் வட அமெரிக்கப் பயணத்தில் இந்த ஆட்டத்தைப் பார்த்து வியந்தார். 1890-இல் அந்தப் பள்ளியின் மாணவிகள் களமிறங்கினார்கள். அங்கே பயின்ற ரோசபெல் சின்க்ளேர் 1926-இல் பால்டிமோரின் பிரின் மார் பள்ளியில் இதைத் தொடங்கிவைத்தார். இன்றைய அமெரிக்கப் பெண்கள் லக்ராஸ் அந்த வழியில் வந்தது. அதாவது ஆட்டம் ஹோடனஷோனி ஆண்களிடமிருந்து நேராகப் பக்கத்து ஊர்ப் பெண்களிடம் போகவில்லை; கடல் கடந்து போய், கிறிஸ்தவ ஸ்காட்லாந்தின் உடற்கல்வியாக உருமாறித் திரும்பி வந்தது. படைத்தவர் வழியில் எங்கோ விடுபட்டுப் போனார்.

மருந்தாட்டத்தில் பெண்களுக்கு உள்ள தடையைப் பெண்ணடிமை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அது பொருந்தாது. ஹோடனஷோனி மக்களிடம் குலம் தாய்வழியே வருகிறது. தலைவரை நியமிப்பவர்களும், தவறினால் பதவி இறக்குபவர்களும் குலத்தாய்மார்களே. 1980-களில் பெண்கள் அணி அமைக்க முயற்சி நடந்தபோது எதிர்த்து நின்றவர்களும் அந்தத் தாய்மார்கள்தான். எல்லாப் பழங்குடிகளும் ஒரே மாதிரி நினைக்கவும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் சோக்டா பழங்குடியினரிடையே சென்ற பிரெஞ்சுப் பயணி போசு, ஆண்கள் ஆடி முடித்ததும் தங்கள் கணவன்மாரின் தோல்விக்குப் பழிதீர்க்கப் பெண்கள் இறங்கி ஆடுவதை எழுதிவைத்திருக்கிறார். ஆகவே 'பழங்குடி மரபு பெண்களை விலக்கியது' என்ற பொதுவாக்கியம் பாதி உண்மைதான்.

ஹோடனஷோனி சமூகம் பின்னர் கண்ட வழி நுட்பமானது. மருந்தாட்டம் வேறு, களத்தில் கோல் எண்ணி ஆடும் ஆட்டம் வேறு என்று அது பிரித்தது. மர ஸ்டிக் ஆண்களுடையதாகவே இருக்கிறது. பெண்கள் பிளாஸ்டிக் தலையும் உலோகத் தண்டும் கொண்ட ஸ்டிக்கில் ஆடுகிறார்கள். 2009-இல் பிராக் நகரில் நடந்த உலகக் கோப்பையில் அவர்களது பெண்கள் அணி ஆடியது. 2022-இல் மேரிலாந்தின் டோசனில் நடந்த உலகப் போட்டியில் எட்டாம் இடம் பிடித்தது. எல்லாரும் இந்தப் பிரிவை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. என்றாலும் அதன் தர்க்கம் தெளிவானது: புனிதம் அசைவில் இல்லை, கருவியிலும் வேளையிலும் நோக்கத்திலும் இருக்கிறது. மணிக்கட்டைத் திருப்பும் உத்தியை யாருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். சடங்கைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

இந்தப் பதில் கருவியையும் வேளையையும் தீர்த்துவைக்கிறது. நோக்கத்தைத் தீர்க்கவில்லை. படைத்தவர் பார்க்க ஆடும் ஆட்டத்தில் வெற்றி முக்கியமல்ல. பகையெண்ணத்தோடு களமிறங்குவது தவறு. டிரா பயிற்சியோ முழுக்க வெற்றியைக் குறிவைத்தது. மேல்கை எங்கே, கீழ்கை எங்கே என்ற பிடியில் தொடங்குகிறது அது. ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுப்பதா, வெளியே தள்ளுவதா என்று சென்டர் முடிவு செய்ய வேண்டும். வலைத்தலைகள் ஒட்டியிருக்கும் அந்தச் சில கணங்களில் எதிராளி தரும் அழுத்தத்தை வைத்தே அவள் எந்தப் பக்கம் போகப்போகிறாள் என்று ஊகிக்கப் பழக்குகிறார்கள். பயிற்சியாளர் விசிலை ஒருமுறை சட்டென்றும் ஒருமுறை நிதானித்தும் ஊதுவார். முந்திக்கொள்ளும் கை அப்போது அகப்பட்டுவிடும். பலம் தோளில் இருப்பதாகப் புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது முழங்காலிலிருந்து கிளம்பி மணிக்கட்டில் முடிகிறது. பந்து மேலே போவதோடும் வேலை முடியாது. டிரா நடக்கும் நடுவட்டத்தின் விளிம்பில் நிற்கும் மிட்ஃபீல்டர்கள் விசிலோடு பாய்ந்து, எதிராளியை இடுப்பால் பின்னுக்கு அடைத்துவைத்து, விழும் பந்தைக் கையை நீட்டி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அதே கணத்தில் திரும்பித் தற்காப்புக்கு ஓட வேண்டும்.

வெற்றியை இவ்வளவு துல்லியமாகத் தேடுவதும் வெற்றிக்காக ஆடாமல் இருப்பதும் ஒரே ஆளிடம் கூடுமா? தத்துவவாதி பெர்னார்ட் சூட்ஸ் 1978-இல் வெளியிட்ட 'கிராஸ்ஹாப்பர்' நூலில், தேவையில்லாத தடைகளைத் தாமாக விரும்பி ஏற்று, அவற்றைக் கடக்க முயல்வதுதான் விளையாட்டு என்று வரையறுத்தார். மற்றொரு தத்துவவாதி சி. தி நுயென் 2020-இல் அதை மேலும் கொண்டுபோனார். சிலர் வெல்வதற்காக முயல்கிறார்கள். சிலர் முயற்சி என்ற அனுபவத்துக்காகவே வெற்றியைத் தற்காலிகமாக விரும்புகிறார்கள். இரண்டாம் வகையினர் ஆடும்போது காட்டும் வேட்கை போலி அல்ல, ஆனால் கடைசிக் காரணமும் அல்ல. ஹோடனஷோனி மரபும் ஏறக்குறைய இதையே கேட்கிறது: அரைமனதாக ஆடினால் படைத்தவருக்கு அது விருந்தாகாது. பந்தின் மேல் முழு வேட்கை வேண்டும். வேட்கை ஆடுகளத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே கறாரான டிரா பயிற்சி கொடைக்கு விரோதமல்ல. எதிராளியை ஏமாற்ற விசிலுக்கு முன் நழுவும் கைதான் விரோதம்.

இன்னொரு சிக்கல் இந்தக் காலத்தது. டிரா மட்டும் எடுத்துவிட்டு வெளியேறும் நிபுணர்களைச் சில அணிகள் வளர்க்கின்றன. கணக்கில் லாபம் இருக்கலாம். ஆட்டத்தின் ஒரு துண்டை மட்டும் படைப்பது போலவும் ஆகிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் டெய்லர் கம்மிங்ஸ் அப்படி ஆடியவர் அல்ல. டிரா எடுத்து, தற்காப்புக்கு ஓடி, தாக்குதலிலும் நின்ற மிட்ஃபீல்டர் அவர். அமெரிக்கக் கல்லூரி லக்ராஸின் சிறந்த ஆட்டக்காரருக்கான டெவாரட்டன் விருதை 2014, 2015, 2016 ஆண்டுகளில் தொடர்ந்து பெற்றார். முதல் முறை அவர் வென்ற 2014-இல் ஆண்கள் விருதை ஒனொன்டாகா சகோதரர்கள் லைல், மைல்ஸ் தாம்ப்சன் பகிர்ந்துகொண்டார்கள். பழங்குடியினருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. விருதுச் சிலையில் வார்க்கப்பட்டிருப்பவர் ஒரு மோஹாக் ஆட்டக்காரர்.

நுயெனின் விளக்கம் ஒன்றை மட்டும் தொடாமல் விடுகிறது. அவருடைய ஆட்டக்காரருக்கு முயற்சியின் சுவை தன்னுள்ளேயே முடிகிறது. ஹோடனஷோனி வீராங்கனைக்கு வெளியே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் படைப்புக்கெல்லாம் நன்றி கூறும் உரையோடு தொடங்கும் வழக்கம் அவர்களுக்குப் பொருள் தருகிறது. பிடி, அழுத்தம், பாய்ச்சல் எல்லாவற்றையும் பயிற்சியாளர் எந்த ஊர்ப் பெண்ணுக்கும் கொடுத்துவிடலாம். யார் பார்க்க ஆடுகிறோம் என்பதை அவரால் கொடுக்க முடியாது. ஹோடனஷோனி ஊர்களில் அந்தப் பொறுப்பு பெரியவர்களுடையது.